பள்ளிக்கூடம் பறித்த பேச்சு: லூசியானாவின் கேஜன் மக்கள் விட்டதும் விடாததும்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மாமூ என்று ஒரு சிற்றூர். சுமார் 3,000 பேர் வாழ்கிறார்கள். அங்கே ஃப்ரெட்ஸ் லவுஞ்ச் என்று ஒரு சின்ன மதுக்கூடம் உண்டு. 1946-லிருந்து இருக்கிறது. வாரத்துக்கு ஒரே ஒரு நாள், அதுவும் சனிக்கிழமை காலையில் திறப்பதுதான் அதன் வழக்கம். ஊர் முழுதாகக் கண்விழிப்பதற்குள் உள்ளே அக்கார்டியனும் பிடிலும் தொடங்கிவிடும். கயிறு கட்டி மறித்த நாலடி இடத்துக்குள் பாட்டுக்காரர்கள் நிற்பார்கள். அவர்களைச் சுற்றிச் சுற்றி வயதான தம்பதிகள் வால்ட்ஸ் ஆடுவார்கள். அறிவிப்பாளர் பிரெஞ்சில் பேசுவார், விளம்பரத்தைக்கூட பிரெஞ்சில் படிப்பார். பக்கத்து ஊரான வில் பிளாட்டின் வானொலி நிலையம் 1962-லிருந்து இந்த ஆட்டத்தை நேரடியாக ஒலிபரப்பி வந்திருக்கிறது.

சுற்றிலும் ஆங்கிலம் பேசும் நாடு. வெளியே பிக்கப் லாரிகள், எண்ணெய்க் குழாய்கள், பெரிய பெரிய கடைகள். நடுவில் இந்தப் பிரெஞ்சு எப்படி வந்தது? வந்தது எப்படித் தாக்குப்பிடித்தது? எவ்வளவு தாக்குப்பிடித்தது? பழையதையும் புதியதையும் ஒரு சமூகம் எப்படிச் சேர்த்துவைத்துக்கொள்கிறது என்று புரிந்துகொள்ள கேஜன் மக்களின் கதையைப் போல உதவுவது குறைவு என்று நினைக்கிறேன். அவர்கள் மிக எளிதாகச் செய்த காரியமும் இதில் இருக்கிறது, இன்றுவரை செய்ய முடியாமல் திண்டாடும் காரியமும் இருக்கிறது.

கேஜன் என்பது தேய்ந்துபோன சொல். மூலச்சொல் அகாடியன். பிரெஞ்சில் 'அகாதியேன்', பேச்சில் 'காதியேன்', ஆங்கிலம் பேசுபவர்கள் வாயில் விழுந்து 'கேஜன்'. அகாடியா என்பது இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக் பகுதி. 1604-லிருந்து பிரான்சிலிருந்து வந்து அங்கே குடியேறியவர்கள், கடல் ஏறி இறங்கும் சதுப்பு நிலத்தில் வரப்பு எழுப்பி மதகு வைத்து அதை விளைநிலமாக்கினார்கள். 1713-இல் ஓர் ஒப்பந்தத்தில் அந்த மண் பிரிட்டன் கைக்குப் போனது. மன்னருக்கு நிபந்தனையில்லாமல் விசுவாசப் பிரமாணம் எடுக்க அவர்கள் மறுத்தார்கள். 1755-இல் படை வந்தது. வீடுகளுக்குத் தீ வைத்து, குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்றினார்கள். அடுத்த எட்டு ஆண்டுகளில் இப்படி நாடு கடத்தப்பட்டவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். போசொலெய் என்ற பட்டப்பெயர் கொண்ட ஜோசப் புரூசாரின் தலைமையில் சுமார் 200 பேர் 1765-இல் லூசியானா வந்து சேர்ந்தார்கள். 1785-இல் பிரான்சிலிருந்தே ஏழு கப்பல்களில் இன்னும் சுமார் 1,600 பேர் வந்தார்கள். அப்போது அந்த மண் ஸ்பெயின் ஆட்சியில் இருந்தது. 1803-இல் அமெரிக்கா அதை விலைக்கு வாங்கியது.

வந்த இடத்தில் அவர்கள் தனியாக இல்லை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள், விடுதலை பெற்ற கருப்பின மக்கள், சோக்டா, சிட்டிமாச்சா போன்ற பூர்வகுடிகள், ஜெர்மானியர், ஸ்பானியர், ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்கள் என்று எல்லோரும் ஒரே நீர்க்கரையில் வாழ்ந்தார்கள். இதை மறந்துவிட்டால் பிறகு வரும் எதுவும் புரியாது.

சட்டிக்குள் இருக்கும் வரலாறு

கம்போ என்ற குழம்பை எடுத்துக்கொள்வோம். அந்தப் பெயர் மத்திய ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வெண்டைக்காயின் வழவழப்பைப் போக்க நாம் வதக்குவோம், புளி சேர்ப்போம். அங்கே அந்த வழவழப்பைக் கொண்டுதான் குழம்பைக் கெட்டியாக்குகிறார்கள். வெண்டைக்காய் இல்லாத பருவத்தில் சசாஃப்ராஸ் மரத்தின் இலையைக் காயவைத்துப் பொடித்துத் தூவுவார்கள். அது சோக்டா மக்கள் கற்றுத்தந்தது. அடிப்படையாக இருப்பது 'ரூ'. எண்ணெயில் மாவைப் போட்டுக் கைவிடாமல் கிண்டவேண்டும். முதலில் மணல் நிறம், பிறகு வேர்க்கடலைத் தோல் நிறம், கடைசியில் சாக்லேட் நிறம். அரைமணி நேரத்துக்கு மேலே ஆகும். நடுவில் போன் வந்தாலும் நகரக்கூடாது. ஒரு பொட்டு கருகினாலும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். ரூ பிரெஞ்சு வழி வந்தது. பிறகு கோழி, புகைபோட்ட தொத்திறைச்சி அல்லது இறால். எல்லாம் சேர்ந்ததைச் சோற்றின்மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள்.

ஆக, எது கேஜன் பாரம்பரியம் என்று கேட்டால் அந்த மக்களே காட்டும் முதல் பொருளில் நாலைந்து இனங்களின் கை இருக்கிறது. அதை யாரும் கலப்படம் என்று சொன்னதில்லை. இன்று மளிகைக் கடையில் ரூவைப் பாட்டிலில் அடைத்தே விற்கிறார்கள். வேலைக்குப் போகும் வீடுகளில் அதை வாங்கித்தான் வைக்கிறார்கள். சோறு மின்சாரக் குக்கரில் வேகிறது. கம்போ கம்போவாகத்தான் இருக்கிறது.

அக்கார்டியன் கதையும் இதுதான். இன்று கேஜன் இசை என்றால் அந்தப் பத்துப் பொத்தான் பெட்டியின் ஓசைதான் நினைவுக்கு வரும். ஆனால் அகாடியர்கள் கொண்டுவந்தது பிடில். அக்கார்டியன் ஜெர்மனியில் செய்து, வியாபாரிகள் மூலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. 1928-இல் ஜோ ஃபால்கனும் கிளியோமா பிரோவும் முதல் கேஜன் இசைத்தட்டைப் பதிவு செய்தபோது அக்கார்டியன்தான் முன்னால் நின்றது. பிறகு வானொலியில் டெக்ஸஸ் பாணி நாட்டுப்புற இசை பரவவும் அக்கார்டியன் ஓரங்கட்டப்பட்டது. போர்க்காலத்தில் ஜெர்மனியிலிருந்து வரத்தும் நின்றது. 1948-இல் பார்வை குறைந்த இளைஞரான ஐரி லஷூன் பதிவு செய்த ஒரு வால்ட்ஸ் அதை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தது. ஆனால் வாங்கப் பெட்டி கிடைக்கவில்லை. அப்புறம் என்ன, உள்ளூரிலேயே செய்யத் தொடங்கினார்கள். பழைய ஜெர்மன் பெட்டியைப் பிரித்துப் பார்த்துப் படித்துச் செய்தார்கள். யூனிஸ் ஊரில் மார்க் சவ்வா 1960களிலிருந்து செய்துவருகிறார். அவர் கடையில் சனிக்கிழமை காலைகளில் யார் வேண்டுமானாலும் வந்து சேர்ந்து வாசிக்கலாம்.

நெல் வயலையும் பார்க்கவேண்டும். லூசியானாவின் தென்மேற்குச் சமவெளியில் பெரிய அளவில் நெல் வந்தது 1880களில், ரயில் வந்த பிறகு. சதுப்பில் கிடைக்கும் கிராஃபிஷ் அந்தக் காலத்தில் ஏழைகள் சாப்பாடு. நண்டைப் போல இடுக்கியும் இறாலைப் போல உடலும் உள்ள நன்னீர் உயிர் அது. வீட்டில் அது சமைத்தால் வெளியே சொல்லக் கூசியவர்கள் உண்டு. இன்று அதே உயிரை நெல்லோடு சேர்த்து வளர்க்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் நெல் விதைப்பு. பயிர் நிற்கும்போதே வயல் நீரில் கிராஃபிஷை விடுவார்கள். அறுவடைக்குத் தண்ணீரை வடித்தால் அது மண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அக்டோபரில் மறுபடி தண்ணீர் கட்டினால் குஞ்சுகளோடு வெளியே வரும். அறுத்த தாளிலிருந்து துளிர்க்கும் மறுதாம்புதான் அதற்குத் தீனி. குளிர்காலம் முழுக்க கம்பிவலைக் கூண்டு வைத்துப் பிடிப்பார்கள். ஒரே வயலில் இரண்டு மகசூல். இப்படி ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் நடக்கிறது. வசந்த காலத்தில் வீட்டு முற்றத்தில் பெரிய அண்டாவில் மிளகாயும் உப்பும் போட்டு மூட்டைக் கணக்கில் வேகவைத்து, செய்தித்தாள் விரித்த மேசையில் கொட்டி, சொந்தபந்தமெல்லாம் நின்றபடியே உரித்துச் சாப்பிடுவது இன்று அந்தச் சமூகத்தின் அடையாளம். இது அறுபது எழுபது ஆண்டுப் பழக்கம் என்றால் பலர் நம்பமாட்டார்கள்.

பன்றி அறுக்கும் 'பூஷ்ரி' மட்டும் உண்மையில் போய்விட்டது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், வாரம் ஒரு வீட்டில் பன்றி அறுத்து எல்லா வீட்டுக்கும் பங்கு போடுவார்கள். ஒரு வீட்டில் அத்தனை இறைச்சியையும் கெடாமல் வைக்க முடியாது என்பதால் வந்த ஏற்பாடு. மின்சாரம் வந்ததும் தேவை போனது. அப்போது செய்த 'பூதேன்' மட்டும் பிழைத்துக்கொண்டது. சோறும் இறைச்சியும் வெங்காயத்தாளும் கலந்து குடலில் அடைத்து அவித்தது அது. இன்று அது கிடைக்கும் முக்கியமான இடம் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க். காலையில் வண்டிக்கு எரிபொருள் போட்டுவிட்டு, காகிதத்தில் சுற்றிய சூடான பூதேனை வாங்கி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சாப்பிட்டுப் போகிறார்கள்.

இந்த வரிசையில் எண்ணெயையும் சேர்க்கவேண்டும். 1901-இல் ஜென்னிங்ஸ் ஊருக்குப் பக்கத்தில் எண்ணெய் கிடைத்தது. 1947-இல் கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் கடலுக்குள் கிணறு தோண்டினார்கள். கடல்மேடை வேலைக்கு ஏழு நாள் போய், ஏழு நாள் வீட்டில் இருப்பது பழக்கமானது. அந்த ஏழு நாளில் இறால் படகு ஓட்டலாம், வேட்டைக்குப் போகலாம், ஞாயிறு பூசைக்குப் போகலாம், தாய்மாமன் வீட்டுக் கூரையைச் சரிசெய்து கொடுக்கலாம். ஹியூஸ்டன், நியூயார்க் என்று பிழைப்பு தேடிப் போகாமல் ஊரிலேயே இருக்க வழி செய்தது எண்ணெய்க் கம்பெனிச் சம்பளம். பழைய வாழ்க்கைக்கு மிக நவீனமான தொழில் ஒன்று முட்டுக்கொடுத்தது. அதற்கு மண் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

கைவிட்டுப் போனது

இத்தனையையும் உள்ளே வாங்கிச் செரித்துக்கொண்ட மக்கள் ஒன்றை மட்டும் காப்பாற்ற முடியாமல் போனார்கள். அதுதான் பேச்சு.

1916-இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. 1921-இல் மாநில அரசியல் சட்டம் பள்ளியில் ஆங்கிலம் மட்டும்தான் என்றது. வீட்டில் பிரெஞ்சு தவிர வேறு தெரியாத பிள்ளைகள் ஆறு வயதில் வகுப்பில் உட்கார்ந்தார்கள். ஒன்றுக்குப் போகவேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாமல் உடையிலேயே போன பிள்ளைகளைப் பற்றி அந்தத் தலைமுறை முதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். வாய்தவறி ஒரு பிரெஞ்சுச் சொல் வந்தால் பிரம்படி, அல்லது சோளமணி மேல் முட்டிபோடுவது. 'பள்ளி வளாகத்தில் பிரெஞ்சு பேசமாட்டேன்' என்று பக்கம் பக்கமாக எழுதவைப்பார்கள். இந்தத் தண்டனையைக் கொடுத்தவர்களில் கேஜன் குடும்பத்து ஆசிரியர்களும் இருந்தார்கள். அதை நினைக்கும்போது எனக்கு இன்னும் வலிக்கிறது.

சட்டம் மொழியை நேரடியாகக் கொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானார்கள். நாம் பட்டது நம் பிள்ளை படவேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பாட்டியிடம் பிரெஞ்சு, மனைவியிடம் பிரெஞ்சு, பிள்ளையிடம் ஆங்கிலம். பிரெஞ்சு என்பது பெரியவர்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் ரகசியம் பேசுகிற மொழியாகிப்போனது. ஒரே தலைமுறையில் சங்கிலி அறுந்தது. பிற்பாடு 1940களில் படையில் சேர்ந்து பிரான்சுக்குப் போன கேஜன் இளைஞர்களை மொழிபெயர்ப்பாளர்களாகப் பயன்படுத்திக்கொண்டது அதே அமெரிக்க அரசுதான். எந்தப் பேச்சுக்காகப் பள்ளியில் அடி வாங்கினார்களோ, அதே பேச்சு நார்மண்டி கிராமங்களில் உயிரைக் காப்பாற்றியது. இருந்தும் ஊர் திரும்பியவர்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள்.

அக்கார்டியனுக்கும் மொழிக்கும் இங்கேதான் வித்தியாசம் தெரிகிறது. அக்கார்டியனையும், கிராஃபிஷ் வயலையும், குக்கரையும் எடுப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்தது அவர்கள். எப்போது, எவ்வளவு, எதோடு சேர்த்து என்பதும் அவர்கள் கையில்தான் இருந்தது. ஆங்கிலத்தையும் அப்படியே எடுத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் ஒன்று, கடைத்தெருவில் ஒன்று என்று இரண்டு மொழியோடு வாழ்வது உலகத்தில் கோடிக்கணக்கான பேருக்குச் சாதாரணம். ஆனால் இங்கே ஆங்கிலம் வந்தது அவமானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. நவீன வாழ்க்கை கேட்டது ஆங்கிலம் தெரியவேண்டும் என்பது. பிரெஞ்சு மறக்கவேண்டும் என்று கேட்டது பள்ளிக்கூடம்.

நியூபோர்ட்டிலிருந்து வந்த எதிரொலி

1964-இல் அமெரிக்காவின் வடகிழக்கே நியூபோர்ட்டில் நடக்கும் நாட்டுப்புற இசைவிழாவுக்கு மூன்று கேஜன் இசைக்காரர்கள் போனார்கள். அவர்களில் ஒருவர் டூவி பால்ஃபா. கடைசி நேரத்தில் வேறொருவருக்குப் பதிலாகச் சேர்ந்தவர், ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இந்தக் கீச்சுச் சத்தத்தைக் கொண்டுபோய் அந்த மேடையில் நம் மானத்தை வாங்கப்போகிறார்கள் என்ற தொனியில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று எழுதியது. நியூபோர்ட்டில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலின் எதிரொலியை ஊருக்குக் கொண்டுவரவேண்டும் என்ற தீர்மானத்தோடு பால்ஃபா திரும்பினார். 1992-இல் சாகும்வரை அந்த வேலையைத்தான் செய்தார். வகுப்பறைகளுக்குப் பிடிலோடு போனார். 1974 மார்ச்சில் லாஃபயட் நகரத்தில் பெரிய அரங்கில் கேஜன் இசைக்கு ஒரு மரியாதை நிகழ்ச்சி நடந்தது. இன்று ஆண்டுதோறும் நடக்கும் அகாடிய, கிரியோல் திருவிழா அதிலிருந்து வளர்ந்ததுதான்.

மொழி விஷயத்தில் அரசு விழித்தது 1968-இல். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் டொமஞ்சோவின் முயற்சியில் கோடோஃபில் என்ற மாநில அமைப்பு உருவானது. லூசியானாவில் பிரெஞ்சை வளர்ப்பதுதான் அதன் வேலை. நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பிரான்ஸ், பெல்ஜியம், கியூபெக்கிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தபோது பழைய காயத்தில் மறுபடி கை பட்டது. உள்ளூரில் காருக்கு 'ஷார்' என்பார்கள், வந்த ஆசிரியர் 'வொத்யூர்' என்றார். உள்ளூரில் இறால் 'ஷெவ்ரெத்', பாடப்புத்தகத்தில் 'க்ரெவெத்'. 'இப்போது' என்பதற்கு 'அஸ்த்யூர்' என்பது வீட்டுப் பேச்சு. செருப்பு வாரைக் கட்டுவதற்கு இவர்கள் சொல்லும் 'அமாரே' என்பது கடலோடிகள் படகைக் கட்டுவதற்குச் சொல்லும் சொல், மூதாதையர் கப்பலில் வந்ததன் தடம். பேத்தி பள்ளியிலிருந்து வந்து தாத்தாவின் பிரெஞ்சு தப்பு என்கிற நிலை வந்தது. முதலில் பிரெஞ்சு பேசியதற்காக அடி, பிறகு சரியான பிரெஞ்சு பேசவில்லை என்று திருத்தல். அந்தத் தாத்தா வாயை மூடிக்கொண்டதில் என்ன ஆச்சரியம்?

பிறகு மெல்ல மெல்லச் சரியானது. 1980களில் அமிழ்வு வகுப்புகள் வந்தன. கணக்கு, அறிவியல் எல்லாவற்றையும் பிரெஞ்சிலேயே சொல்லித்தரும் வகுப்புகள் அவை. இன்று சில ஆயிரம் பிள்ளைகள் இப்படிப் படிக்கிறார்கள். லூசியானா பிரெஞ்சுக்கென்றே பெரிய அகராதி 2009-இல் வெளிவந்தது, 'ஷாரும்' 'ஷெவ்ரெத்தும்' தலைநிமிர்ந்து அச்சேறின. 2018-இல் பிரெஞ்சு பேசும் நாடுகளின் சர்வதேச அமைப்பில் லூசியானா பார்வையாளராகச் சேர்ந்தது. அதே ஆண்டு கிராமி விருது வாங்கிய லாஸ்ட் பாயூ ராம்ப்ளர்ஸ் குழு பிடிலோடு மின்கிதாரைச் சேர்த்து அலறவிட்டபடி முழுக்க பிரெஞ்சில் பாடுகிறது.

ஆனால் கணக்கைப் பார்த்தால் மனம் கனக்கிறது. தாய்மொழியாகக் கற்றவர்களில் பெரும்பாலானோர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். வகுப்பில் கற்ற பிள்ளை வாசலைத் தாண்டியதும் யாரிடம் பேசும்? பள்ளிக்கூடம் ஒரு மொழியைச் சொல்லித்தரும். அதில் சண்டை போடவும், கொஞ்சவும், பேரம் பேசவும் வீடும் தெருவும் வேண்டும். கடைக்காரர் மேலே கொஞ்சம் போட்டுக்கொடுக்கும் கொசுறுக்கு அங்கே 'லான்யாப்' என்று பெயர். ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்களும் அந்தச் சொல்லை இன்று பயன்படுத்துகிறார்கள். மொழி போனபிறகும் இப்படி நாலு சொல் மிஞ்சுவது ஆறுதல்தான். ஆனால் கொசுறு மட்டும் கையில் இருந்து, வாங்கிய சரக்கைக் காணோம் என்றால் எப்படி?

முகமூடிக்குள்ளே

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை மார்டி கிரா. நியூ ஆர்லியன்ஸின் ரதங்களும் மணிமாலைகளும்தான் உலகத்துக்குத் தெரியும். கேஜன் சமவெளியில் அது வேறு மாதிரி. மாமூ, யூனிஸ், சர்ச் பாயின்ட் பக்கத்துக் கிராமங்களில் கூம்புத் தொப்பி, கம்பிவலையில் வரைந்த முகமூடி, துணிக் குஞ்சம் தொங்கும் சட்டை என்று ஆளடையாளம் தெரியாமல் வேடம் போட்டுக் கும்பலாகக் கிளம்புவார்கள். முகமூடி இல்லாதவர் ஒருவர்தான், தலைவர். 'கப்பித்தேன்' என்பார்கள். அவர் வெள்ளைக் கொடியோடு வீட்டு வாசலுக்குப் போய் அனுமதி கேட்பார். சரி என்றால் கொடியை அசைப்பார். கும்பல் பாடிக்கொண்டே உள்ளே வரும். ஆடும், மண்டியிட்டுக் கையேந்தும். வீட்டுக்காரர் உயிருள்ள கோழியைக் காற்றில் விட்டெறிவார். சேற்றில் விழுந்து புரண்டு அதைத் துரத்திப் பிடிக்கவேண்டும். இப்படி வீடுவீடாகச் சேர்த்த கோழியும் அரிசியும் வெங்காயமும் மாலையில் ஊர்ப்பொதுக் கம்போவாகும்.

போர்க்காலத்தில் இந்த ஓட்டம் பல ஊர்களில் நின்றுபோனது. மாமூவில் 1950களில் பிரெஞ்சு ஆர்வலர் சிலர் பெரியவர்களிடம் கேட்டு மறுபடி தொடங்கினார்கள். குதிரையோடு டிரெய்லர் வண்டிகளும் வந்தன. ஆண்கள் மட்டுமே ஓடிய இடத்தில் பெண்களும் ஓடுகிறார்கள், சில ஊர்களில் தனிக் குழுவாகவே. இதெல்லாம் எனக்கு நல்ல மாற்றமாகத்தான் படுகிறது. கவனிக்கவேண்டியது பாட்டை. இடைக்காலப் பிரான்சின் பிச்சைப்பாட்டு வழியில் வந்த, சோகம் இழையும் மெட்டு. பிரெஞ்சில்தான் இன்றும் பாடுகிறார்கள். பாடும் இருபது வயதுக்காரர்களில் பலருக்கு அதன் பொருள் வரிக்கு வரி தெரியாது. ஒலியாக மனப்பாடம் செய்துகொண்டு பாடுகிறார்கள். இதை வெறும் சடங்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பொருள் தெரியாமல் பாட ஆரம்பித்து, பிறகு பொருள் தேடிப் போய் மொழி கற்றவர்களும் அங்கே உண்டு.

பெயர்ப்பலகையில் விடுபட்டவர்கள்

1971-இல் தெற்கு லூசியானாவின் 22 மாவட்டங்களுக்கு அகாடியானா என்று மாநிலம் பெயர் சூட்டியது. 1980களில் கேஜன் உணவு அமெரிக்கா முழுக்க மோஸ்தரானது. சமையல் கலைஞர் பால் புருதோம் மசாலா தடவிக் கருகச் சுட்ட ஒரு மீன் வகையை எல்லா ஊர் உணவகங்களும் நகலெடுத்தன. அந்த மீனே அருகிப்போகும் அளவுக்குப் பிடிப்பு அதிகமாகி, அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. கிராமத்துப் பாட்டிகள் யாரும் அப்படி மீன் சுட்டதில்லை. கேஜன் என்ற சொல் சிப்ஸ் பாக்கெட்டுக்கு விலை கூட்டும் சொல்லாகிவிட்டது.

இந்தப் பெயர் பெரிதானபோது பக்கத்தில் நின்றவர்கள் மறைந்துபோனார்கள். அதே பிரெஞ்சைப் பேசிய, அதே நடனக்கூட இசையை உருவாக்கிய கருப்பின கிரியோல் மக்கள்தான் அவர்கள். 1929-இல் கருப்பரான அமேதே ஆர்துவேன் அக்கார்டியனும் வெள்ளையரான டெனிஸ் மகீ பிடிலுமாகச் சேர்ந்து பதிவு செய்த பாட்டுகள் இன்றைய கேஜன் இசைக்கும் அடித்தளம், கிரியோல் மக்களின் ஜைடெகோ இசைக்கும் அடித்தளம். ஒரு நடன இரவில் வியர்வை துடைக்க வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கைக்குட்டை தந்தாள் என்பதற்காக ஆர்துவேனை அடித்து நொறுக்கிப் போட்டார்கள் என்று சொல்வார்கள். 1942-இல் மாநில மனநல மருத்துவமனையில் இறந்தார். எந்தக் குழியில் புதைத்தார்கள் என்றுகூடத் தெரியாது. 2018-இல்தான் ஓப்லூசஸ் ஊரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். பிரெஞ்சோடு அவர்களில் பலர் பேசிய லூசியானா கிரியோல் தனி மொழி. அதைக் கூரி-வினி என்றும் சொல்வார்கள். அதற்கு எழுத்துமுறை வகுத்து இணையத்தில் வகுப்பெடுக்கும் இளைஞர்கள் இப்போது வந்திருக்கிறார்கள். கேஜன் மறுமலர்ச்சியைக் கொண்டாடும் யாரும் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

நிலம் கரையும்போது

எண்ணெய் கேட்ட விலையைச் சொல்கிறேன் என்றேன். மிசிசிப்பி ஆற்றுக்கு 1927 பெருவெள்ளத்துக்குப் பிறகு பலமாகக் கரை கட்டினார்கள். வெள்ளம் வருவது நின்றது. கூடவே சதுப்புக்கு வண்டல் வருவதும் நின்றது. எண்ணெய்க் கம்பெனிகள் குழாய் பதிக்கவும் படகு போகவும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டின. அதன் வழியே கடல் உப்பு உள்ளே ஏறிப் புல்லையும் மரத்தையும் கொன்றது. வேர் போனதும் மண் கரைந்தது. 1930களிலிருந்து லூசியானா கடற்கரை இழந்த நிலம் சுமார் 5,000 சதுர கிலோமீட்டர். ஊரிலேயே தங்கி வாழச் சம்பளம் கொடுத்த தொழில், தங்கியிருக்க வேண்டிய ஊரையே கரைத்துவிட்டது.

இதில் முதலில் அடிபட்டவர்கள் பிரெஞ்சு பேசும் பூர்வகுடிகள். ஐல் த ஜான் சார்ல் என்ற தீவு 1955-இல் இருந்த பரப்பில் 98 சதவீதத்தை இழந்தது. 2016-இல் மத்திய அரசு 4.83 கோடி டாலர் ஒதுக்கியது. 2022-இல் குடும்பங்கள் உள்நாட்டில் கட்டிய புது ஊருக்குப் போனார்கள். சிலர் போக மறுத்துவிட்டார்கள். திட்டம் நடந்த விதத்தைப் பழங்குடி அமைப்பே கண்டித்தது. வீடு பலமானதுதான். ஆனால் வாசலில் தண்ணீர் இல்லை, கட்டிவைக்கப் படகும் இல்லை. இறால் வலை, ஆமை, அலை, காற்று பற்றி அந்த மொழியில் இருக்கும் சொற்களை அங்கே எதைக் காட்டிப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது?

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பாயின்ட்-ஓ-ஷியேன் என்ற ஊர், அதுவும் பிரெஞ்சு பேசும் பூர்வகுடிகளும் கேஜன்களும் சேர்ந்து வாழும் இடம். ஒரு காலத்தில் பூர்வகுடிப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிக்குள் விடாத பகுதி அது. அங்கே இருந்த ஒரே தொடக்கப் பள்ளியை, பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று 2021-இல் மூடினார்கள். பெற்றோர் போராடிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. சில மாதத்தில் ஐடா புயல் வந்து ஊரையே புரட்டிப்போட்டது. கூரை இல்லாத வீடுகளில் இருந்துகொண்டே அந்த மக்கள் பிரெஞ்சுப் பள்ளி வேண்டும் என்று கேட்டார்கள். 2022-இல் சட்டமன்றம் அதற்கென்று ஒரு சட்டம் இயற்றியது. 2023 ஆகஸ்டில் எக்கோல் பாயின்ட்-ஓ-ஷியேன் திறந்தது. தொடங்கும்போது மழலையர் வகுப்பும் முதல் வகுப்பும், விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள். புயலில் சேதமான கட்டடம் தயாராகாததால் அப்போது வேறொரு இடத்தில் வகுப்பு நடந்தது. தாத்தா பாட்டி பேசும் அதே பிரெஞ்சை, 'ஷாரை' ஷாராகவும் 'ஷெவ்ரெத்தை' ஷெவ்ரெத்தாகவும் வைத்துக்கொண்டு, அங்கே கணக்குப் பாடம் நடக்கிறது.